காலிலும் பிரஷர் பார்க்க வேண்டும்: வளர்ந்தவர்களின் பெருநாடிச் சுருக்கமும் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகும் முறையும்

என் மச்சானுக்கு முப்பத்தொரு வயதில் நெஞ்சின் இடப்பக்கத்தைத் திறந்து, இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருநாடியில் பிறப்பிலிருந்தே இருந்த சுருக்கத்தை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு செயற்கைக் குழாயைத் தைத்தார்கள். அதற்கு முன் ஆறு வருடங்களாக அவர் பிரஷர் குளிசை குடித்துவந்தார். மாதாமாதம் கிளினிக்கில் கையில் பட்டியைக் கட்டினார்கள், கொப்பியில் 170, 165, 180 என்று எழுதினார்கள், குளிசையைக் கூட்டினார்கள். காலைத் தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் அதற்கு நேரம் இருந்திருக்காது என்பது எனக்கும் விளங்குகிறது; ஆனாலும் அந்த ஆறு வருடங்களும் வீணாகத்தான் போயின. கடைசியில் புதிதாக வந்த ஓர் இளம் வைத்தியர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தொடையிடுக்கில் இரண்டு விரல்களை வைத்து வெகுநேரம் துடிப்பைத் தேடிவிட்டு, "தம்பி, தூரம் நடந்தால் கால் சோர்ந்து வருமா?" என்று கேட்டார். வழி அங்கிருந்துதான் திறந்தது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இதே வழியில் போக வேண்டியவர்களுக்காகவும் அவர்களுடன் கூடப் போகிறவர்களுக்காகவும், எந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பவற்றை இங்கே எழுதுகிறேன். சிகிச்சையைத் தீர்மானிப்பவர் உங்கள் விசேட வைத்திய நிபுணரே. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவினால் போதும்.

சுருக்கம் எங்கே இருக்கிறது

நம் பாடநூல்கள் தொகுதிப் பெருநாடி என்று சொல்லும் குழாய், இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து மேலெழுந்து, ஊன்றுகோலின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இணையத்தில் இந்தியத் தமிழில் வாசிப்பவர்கள் இதைப் பெருந்தமனி என்று காண்பார்கள், இரண்டும் ஒன்றே. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அந்த வளைவிலிருந்து பிரிகின்றன. இடக்கைக்கான கிளை பிரிந்த இடத்தைச் சற்றுக் கடந்ததும் சிலருக்குக் குழாய், நூலால் இறுக்கிக் கட்டியதுபோல, ஒடுங்கியிருக்கும். இதுவே பெருநாடிச் சுருக்கம். பிறவி இதயக் குறைபாடுகளில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தது. பெண்களைவிட ஆண்களில் கூடுதலாகக் காணப்படுகிறது.

வாய்க்காலின் நடுவே மண் விழுந்தால் மேற்பக்க வயல் நிரம்பி வரம்பு உடைவதையும், கீழ்ப்பக்க வயல் காய்வதையும் அம்பாறை விவசாயிக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. சுருக்கத்துக்கு மேலே தலையிலும் கைகளிலும் அழுத்தம் ஏறுகிறது. கீழே வயிற்றிலும் கால்களிலும் அது குறைகிறது. சிறுநீரகங்கள் தங்களுக்கு வரும் இரத்தம் போதாதென்று உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டும் சுரப்புகளை எழுப்புவதால், மேற்பக்கம் மேலும் ஏறுகிறது. இதற்கிடையில் உடல் தானாகவே மாற்று வழிகளை வெட்டிக்கொள்கிறது: விலா எலும்புகளுக்கு அடியில் ஓடும் சிறு நாடிகள் பருத்து, சுருக்கத்தைச் சுற்றி இரத்தத்தைக் கீழே கொண்டுசெல்கின்றன. முப்பது வயதுவரை ஒருவர் பெரிய குறையின்றி நடமாட முடிவது இந்த மாற்று வழிகளால்தான். ஆனால் சிகிச்சை செய்யாமல் விட்டால், குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 35 வருடங்களே என்று 1970இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயம் தளர்தல், பெருநாடி கிழிதல், மூளையில் இரத்தம் கசிதல், இதய உட்சுவரில் கிருமி தொற்றுதல் ஆகியவையே முடிவுக்குக் காரணங்களாக இருந்தன.

சந்தேகம் எப்போது வர வேண்டும்

நாற்பது வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்து, இரண்டு மூன்று வகைக் குளிசைகளுக்கும் அது அடங்கவில்லை என்றால், "எனக்குக் காலிலும் ஒருமுறை பிரஷர் பார்ப்பீர்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அடிக்கடி தலையிடி, மூக்கால் இரத்தம் வடிதல், பாதம் குளிர்ந்திருத்தல், கல்லடிப் பாலத்தை நடந்து கடப்பதற்குள் கெண்டைக்கால் சோர்ந்துபோதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கேள்வி இன்னும் அவசியமாகிறது.

பரிசோதனை எளிமையானது. நோயாளி மல்லாந்து படுக்க, ஒரு கையின் விரல்களை அவருடைய வலது மணிக்கட்டிலும், மற்றக் கையின் விரல்களைத் தொடையிடுக்கின் நடுவிலும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஆரோக்கியமானவருக்கு இரண்டு துடிப்பும் சேர்ந்தாற்போல வரும். சுருக்கம் உள்ளவருக்குத் தொடைத் துடிப்பு மெலிந்தும் ஒரு கணம் பிந்தியும் வரும், அல்லது அகப்படவே மாட்டாது. அழுத்தத்தைக் கையில் அளக்கும்போது வலக்கையில்தான் அளக்க வேண்டும். சிலருக்குச் சுருக்கம் இடக்கைக் கிளையையும் பாதிப்பதால், இடக்கை காட்டும் எண் ஏமாற்றக்கூடும். வழமையாகக் காலில் அளக்கும் மேல் எண் (இரண்டு எண்களில் பெரியது) கையினதற்குச் சமமாகவோ 10 முதல் 20 வரை கூடுதலாகவோ இருக்கும். அது தலைகீழாகி, காலில் 20 மில்லிமீற்றர் இரசம் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், இதய வைத்திய நிபுணரைப் பார்க்க அதுவே போதிய காரணம். வீட்டிலுள்ள டிஜிட்டல் மெஷினைக் கணுக்காலுக்கு மேலே கட்டிப் பார்ப்பது துல்லியமான அளவன்று. ஆனாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் அந்த எண்ணைத் திகதியுடன் குறித்துக்கொண்டு போங்கள்.

பரிசோதனைகளும் ஒரு முடிவும்

ஈ.சி.ஜி. எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்புகளின் கீழ் விளிம்பில் எலி கொறித்ததுபோன்ற சிறு பள்ளங்கள் தெரியக்கூடும். பருத்த நாடிகள் பல வருடங்களாக எலும்பைத் தேய்த்ததன் அடையாளம் அது. எக்கோ பரிசோதனையில் சுருக்கத்தோடு இதயத்தின் பெருநாடி வால்வையும் பார்ப்பார்கள். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய அந்த வால்வு, இந்நோயாளிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இரண்டு இதழ்களோடுதான் இருக்கிறது. சத்திரசிகிச்சையின் வழியை வகுப்பதற்குச் சிடி ஸ்கான் அல்லது எம்.ஆர்.ஐ. தேவை. சிடி ஸ்கானுக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னரே கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தெஹியத்தகண்டிப் பக்கமிருந்து வருபவர்கள், அங்கே காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், இதை மறவாமல் நினைவுபடுத்த வேண்டும். மூளை நாடிகளில் குமிழ்போன்ற வீக்கம் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பதால், தலையையும் ஸ்கான் செய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு எடுக்கப்படுவது பெரும்பாலும் ஓர் எண்ணை வைத்துத்தான். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருக்கத்துக்கு மேலும் கீழும் அழுத்தத்தை அளக்கும்போது வித்தியாசம் 20 அல்லது அதற்கு மேல் இருந்து, நோயாளிக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தால், சுருக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். மாற்று வழிகள் நன்றாகப் பருத்தவர்களுக்குச் சுருக்கம் கடுமையாக இருந்தும் இந்த வித்தியாசம் குறைவாகத் தெரியலாம். எண்ணை மட்டும் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், ஸ்கான் படத்தையும் சேர்த்து விளக்கச் சொல்லுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. வளர்ந்தவர்களில், அமைப்பு பொருந்தினால், தொடை வழியாகவே ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைத்துச் சுருக்கத்தை விரிப்பதையே இன்று பல நிபுணர்கள் முதலில் எண்ணுகிறார்கள். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை, சில நாட்களில் வீடு திரும்பலாம். "கம்பி வைத்தால் போதுமாமே, ஏன் வெட்ட வேண்டும்?" என்று எங்கள் மாமி ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தது இதனால்தான். அவருடைய கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. பெருநாடியின் வளைவே நீளமாக ஒடுங்கியிருந்தால், சுருக்கத்தின் அருகே வீக்கம் இருந்தால், குழாய் கோணலாக மடிந்திருந்தால், அல்லது வால்வையும் மாற்ற வேண்டியிருந்தால் சத்திரசிகிச்சையே பொருத்தம். மச்சானுக்குச் சுருக்கத்தின் கீழே குழாய் வீங்கியிருந்தது.

காத்திருக்கும் மாதங்கள்

இத்தகைய சத்திரசிகிச்சைக்கு நம் ஆட்கள் பெரும்பாலும் கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலைக்கே போகிறார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் இதய சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. எங்கே என்பதை உங்கள் இதய வைத்திய நிபுணரே கடிதத்துடன் தீர்மானிப்பார். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. வெளியே வாங்கச் சொல்லும் பொருளுக்கோ தனியார் சிகிச்சைக்கோ பணம் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதன் நிபந்தனைகளைச் சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்னரே உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். இரத்தத்துக்காக அலைய வேண்டியதில்லை. இந்த நாட்டில் இரத்தம் விலைக்கு விற்கப்படுவதில்லை.

கடிதம் கிடைத்த நாளிலிருந்து பாரம் தூக்குவதை நிறுத்த வேண்டும். நெல் மூட்டை, சீமெந்துப் பை, கரைவலை இழுப்பு ஆகிய மூன்றும், மூச்சை அடக்கி முக்கும்போது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுவன. நடப்பதில் தவறில்லை. சிகரெட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே விட்டுவிட வேண்டும். ஒரு நுரையீரலைச் சுருக்கிவைத்துச் செய்யும் சத்திரசிகிச்சை இது. புகைத்த நெஞ்சு பின்னர் சளியோடு போராடும். பல்வைத்தியரிடம் போய்ச் சொத்தைப் பற்களுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஈறுகளிலிருந்து கிளம்பும் கிருமி புதிய குழாயில் போய் ஒட்டினால் அதை அகற்றுவது மிகக் கடினம்.

கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், எக்கோ அறிக்கை, ஸ்கானின் அறிக்கையோடு அதன் படங்கள் பதிந்த இறுவட்டு, தேசிய அடையாள அட்டை, குடிக்கும் குளிசைகள் அவற்றின் உறைகளோடு. நாங்கள் அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு இறுவட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தேவைப்பட்டது படமே. அதற்காக இன்னொருவர் இரவு றெயிலில் வந்துபோக வேண்டியதாயிற்று.

வாட்டில் தமிழ் தெரிந்த தாதியர் இருப்பார்கள், ஆனால் எல்லா நேரத்திலும் இருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நோயாளிக்குச் சிங்களம் தெரியாவிட்டால் நான்கு சொற்களைப் பாடமாக்கிக்கொடுங்கள்: வலிக்கிறது என்பதற்கு "ரிதெனவா", தண்ணீருக்கு "வதுர", மூச்சு எடுக்க முடியவில்லை என்பதற்கு "ஹுஸ்ம கன்ன பே", கால் விறைத்துவிட்டது என்பதற்கு "கக்குல் ஹிரிவெட்டிலா". கடைசிச் சொல் ஏன் முக்கியமானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

சத்திரசிகிச்சை அறையில்

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், என்ன வகைத் தையல் செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். சுருங்கிய துண்டை வெட்டிவிட்டு இரு முனைகளையும் நேரடியாக இணைப்பது சிறுவர்களில் எளிது; 1944 ஒக்டோபரில் ஸ்டொக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலாகச் செய்து காட்டிய முறையும் இதுவே. முப்பது வயதில் பெருநாடி இறுகிவிடுவதால் முனைகளை இழுத்துச் சேர்ப்பது ஆபத்து. அதனால் இடையில் டேக்ரன் என்ற துணியாலான குழாயைத் தைக்கிறார்கள். குழாயை நீளவாக்கில் பிளந்து துணி ஒட்டுப் போடும் பழைய முறையில், பல வருடங்களின் பின் அவ்விடம் வீங்குவது கண்டறியப்பட்டதால், அம்முறை இப்போது அருகிவிட்டது. வால்வையும் மாற்ற வேண்டியவர்களுக்கு நெஞ்சின் நடு எலும்பைத் திறந்து, ஏறும் பெருநாடியிலிருந்து இறங்கும் பெருநாடிக்கு ஒரு சுற்றுவழிக் குழாய் போடுவதும் உண்டு.

வழமையான வெட்டு இடப்பக்கத்தில், தோட்பட்டை எலும்பின் கீழாக வளைந்து, நான்காவது விலா இடைவெளி வழியாகப் போகும். நோயாளி வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கப்படுவார். வலக்கை நாடியிலும் தொடை நாடியிலும் மெல்லிய குழாய்களைச் செருகி, அழுத்தத்தை ஒரே திரையில் இரண்டு கோடுகளாகப் பார்ப்பார்கள். தைத்து முடித்து, அதுவரை பெருநாடியை அடைத்திருந்த கவ்விகளைத் திறந்ததும் இரண்டு கோடுகளும் நெருங்கிவந்தால் வேலை சரி. கிளினிக்கில் விரலால் தேடியதைத்தான் இங்கே இயந்திரம் தேடுகிறது.

பெரியவர்களில் கடினமான பகுதி தையலுக்கு முன்னரே வருகிறது. இத்தனை காலம் உயிரைக் காத்த பருத்த விலா நாடிகள், நெஞ்சைத் திறக்கும்போது இரத்தத்தைக் கொட்டுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி உள்ளே போவதற்கு நேரம் எடுக்கும். ஆகவே வெளியே காத்திருப்பவர்கள், சொன்ன நேரம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் கலங்க வேண்டியதில்லை.

எல்லோரும் அஞ்சுவது முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணுக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழந்துவிடுவதை. பெருநாடியைக் கவ்வியால் அடைத்திருக்கும் நேரத்தில் இது நிகழக்கூடும். 12,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைத் திரட்டி 1972இல் வெளியான ஆய்வில் இது 0.41 சதவீதமாக இருந்தது. கவ்வி நேரத்தைச் சுருக்குவது, உடலைச் சற்றுக் குளிர்விப்பது, மாற்று வழிகள் போதாதவர்களுக்கு இயந்திரத்தின் உதவியால் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் அனுப்புவது ஆகியவை இதற்கான காப்புகள். "எனக்கு எது செய்வீர்கள்?" என்று நிபுணரிடம் நேரே கேட்கலாம், எங்களுக்கு அவர் ஒரு தாளில் படம் கீறியே விளக்கினார்.

முதல் வாரம்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்ததும் தாதி முதலில் சொல்வது, கால் விரல்களை அசைக்கும்படிதான். மச்சான் இரண்டு பெருவிரல்களையும் ஆட்டியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த எங்களுக்கு, அதற்குப் பின் வந்த எதுவும் பெரிதாகப் படவில்லை. கால் விறைப்பதாகவோ பாரமாகவோ பின்னர் தோன்றினாலும் உடனே சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த நான்காவது சிங்களச் சொல்.

சுருக்கம் நீங்கிய பின்னும் பிரஷர் இறங்காமல், முதல் சில நாட்கள் முன்னைவிட ஏறி நிற்பதைக் கண்டு சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். பல வருடங்கள் பழகிய நரம்புகளும் சுரப்புகளும் புதிய நிலைமையை அறிந்துகொள்ளச் சில நாட்கள் எடுக்கின்றன. புதுத் தையலைக் காப்பாற்ற, ஊசி வழியாக மருந்து ஏற்றி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். இதே நாட்களில், குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குடல் நாடிகளில் திடீரென்று முழு வேகத்தில் இரத்தம் பாய்வதால் வயிற்று வலி வரக்கூடும். உணவை அவர்கள் மெல்லத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலிருந்து சரக்குக் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வரும் அன்பை, வைத்தியர் அனுமதிக்கும்வரை அடக்கிவைக்க வேண்டும். வயிறு வீங்கி வலித்தால் அது வெறும் வாயு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

குரல் கரகரத்தால், குரல்வளைக்குப் போகும் நரம்பு அந்த வளைவைச் சுற்றியே ஓடுவதுதான் காரணம். பலருக்கு நாளடைவில் தேறும். நெஞ்சிலிருந்து வரும் குழாயில் பால்போன்ற நீர் வடிந்தால் தாதிக்குக் காட்டுங்கள். மூன்று பந்துகள் கொண்ட சுவாசப் பயிற்சிக் கருவியைத் தருவார்கள். அதை ஊதக்கூடாது, உள்ளே இழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். விலாக்களுக்கிடையே வெட்டியதால் வலி கடுமையாகவே இருக்கும். வலிக்கு மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையணையை இடப்பக்கத்தோடு அணைத்தபடி இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும்.

சிக்கலில்லாதவர்கள் ஒரு வாரமளவில் வீடு திரும்புகிறார்கள். கண்டியிலிருந்து மகியங்கனை வழியாக அம்பாறைக்கோ கல்முனைக்கோ வருபவர்களுக்குப் பதினெட்டு வளைவு, புதிய தையலோடு மிகக் கொடிய பாதை. வாகனத்தை மெல்ல ஓட்டச் சொல்லி, இருக்கைப் பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் அதே தலையணையை வையுங்கள். கொழும்பிலிருந்து வருவதானால் பஸ்ஸைவிட உதயதேவி றெயிலில் வருவதையே நான் விரும்புவேன். எழுந்து நடக்கலாம், மலசலகூடமும் உண்டு.

வீட்டிலும் அதற்குப் பின்னும்

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குத் தண்ணீர் வாளிகூடத் தூக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளையும் தொட வேண்டாம். ஆனால் இடத் தோளை அசைக்காமல் வைத்திருந்தால் அது இறுகிவிடும். சொல்லித்தந்த பயிற்சியை நாளாந்தம் செய்ய வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், மூச்சுமுட்டு, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோன்ற வலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிசையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. சுருக்கம்தான் போய்விட்டதே, இனி எதற்குக் குளிசை என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். நாற்பதை நெருங்கிச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் பலருக்கு, நாடிகள் முன்னரே இறுகிவிட்டதால், பிரஷர் முற்றாக இறங்குவதில்லை. பிசோப்ரொலோல், மெட்டொப்ரொலோல் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. உப்பில் நம் பக்கத்துச் சோதனை கருவாடுதான். அதை வாரத்துக்கு ஒருமுறை என்று பேரம் பேசுவதைவிட அடியோடு விடுவது இலகு என்று மச்சான் சொல்கிறார்.

டேக்ரன் குழாய்க்கு மட்டும் வழமையாக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை தேவைப்படாது; செயற்கை உலோக வால்வும் வைத்தவர்களுக்கு அது ஆயுள் முழுவதும் தேவை. முதல் ஆறு மாதங்களில் பல் பிடுங்க நேர்ந்தால், முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டும் என்பதைப் பல்வைத்தியருக்குச் சொல்லுங்கள். பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்னரே இதய வைத்தியரைக் காண வேண்டும்: எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற குளிசைகள் சிசுவுக்கு ஆகாதவை, பெருநாடியின் நிலையையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு இதழ் வால்வு உள்ளவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுவது நல்லது.

வருடத்துக்கு ஒருமுறையாவது இதய கிளினிக். மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை சிடி அல்லது எம்.ஆர்.ஐ. தைத்த இடம் மீண்டும் சுருங்குகிறதா, வீங்குகிறதா என்பதை வெளியே இருந்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் வலக்கையிலும் காலிலும் அழுத்தத்தை அளக்கும்படி கேட்டு, இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக் குறிப்பையும், அதில் எழுதப்பட்டுள்ள குழாயின் விட்டத்தையும், கடைசி ஸ்கானின் இறுவட்டையும் நாங்கள் மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்: படம் பிடித்து மச்சானின் போனில் ஒன்று, பிளாஸ்டிக் உறையில் அவர் வீட்டு அலுமாரியின் மேற்றட்டில் ஒன்று, மார்கழி வெள்ளம் ஏறாத எங்கள் பெரியம்மா வீட்டில் ஒன்று.